அத்தியாயம் 3: தகடு சொல்லும் வயது

பழைய நாவலின் முதல் பதிப்பைத் தேடுபவர் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பீத்தோவனின் சொனாட்டாவையோ ஷோப்பானின் நாக்டர்னையோ கையில் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வியன்னா, லைப்ஸிக், பாரிஸ், லண்டன் நகரங்களில் அச்சான இசைத்தாள்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டே இருக்காது. பதிப்பாளர்கள் அதைத் தெரிந்தேதான் விட்டார்கள். ஆண்டு போட்டால் அடுத்த வருஷமே சரக்கு பழசாகத் தெரியும். புது இசை கேட்டு வரும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அவர்களுடைய வியாபாரக் கணக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்துச் சேகரிக்க வருபவருக்கு முதல் சிக்கலாக நிற்கிறது.

ஆகவே இந்தத் துறையில் இறங்குபவர் முதலில் கற்க வேண்டியது அச்சுத்தொழில். இசையைப் பியூட்டர் தகட்டில் செதுக்கினார்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்த மென்மையான உலோகம் அது. ஐந்து முனை கொண்ட கருவியால் ஐந்து கோடுகளையும் சேர்த்துக் கீறுவார்கள். சுரத்தின் தலை, கிளெஃப், ஷார்ப், ஃப்ளாட், எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஃகு முளை உண்டு. அதைத் தகட்டில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. சுரங்களின் வாலையும் அவற்றை இணைக்கும் வளைவுகளையும் சிற்றுளியால் கையால் இழுப்பார்கள். அத்தனையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி நடக்க வேண்டும். பிறகு பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே அழுத்துவார்கள். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்துவிடும். பக்கத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் செவ்வகமாக ஒரு மெல்லிய பள்ளம் தட்டுப்படும். இந்தத் தகட்டுத் தடத்தை விரலால் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்; பின்னால் பல இடங்களில் உதவும்.

ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கும் புத்தகத்தில் அச்சு முடிந்ததும் எழுத்தைக் கலைத்துவிடுவார்கள். இசைத்தகடு கலையாது. அலமாரியில் அடுக்கி வைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக அச்சடிப்பார்கள். விற்றால் மறுபடி எடுப்பார்கள். தவறு தெரிந்தால் தகட்டின் பின்பக்கத்தைத் தட்டி அந்த இடத்தை மேலே எழுப்பி, தேய்த்துச் சமமாக்கி, சரியான சுரத்தை அடிப்பார்கள். ஒரே தகட்டுத் தொகுதி முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட உழைத்ததுண்டு. 1809இல் எடுத்த பிரதியும் 1840இல் எடுத்த பிரதியும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். விற்பவர் இரண்டையும் "முதல் பதிப்பு" என்று சொல்வார். ஒரு வகையில் அது பொய்யும் அல்ல. அந்தத் தகட்டின் ஆயுளில் எந்தக் கட்டத்தில் எடுத்த பிரதி என்று கேட்கத் தெரிந்தவரே சேகரிப்பாளர்.

இது வெறும் பழமைப் பற்று என்று நினைப்பவர்களுக்குப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைக் காட்டலாம். 1809இல் லைப்ஸிக்கின் பிரைட்கோப்ஃப் அண்ட் ஹேர்ட்டெல் நிறுவனம் அதை வாத்தியப் பகுதிகளாக வெளியிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த நான்கு சுரத் தொடக்கம் இரண்டு முறை வரும். இரண்டாவது முறை நீண்ட சுரம் ஒரு பார் கூடுதலாக இழுபடும். ஆரம்பத்தில் அச்சான பிரதிகளில் அந்தக் கூடுதல் பார் இல்லை. பீத்தோவன் திருத்தம் அனுப்பிய பிறகு தகட்டில் அது சேர்ந்தது. ஒரு பிரதியின் முதல் வரியைப் பார்த்தே அது திருத்தத்துக்கு முன்பா பின்பா என்று சொல்லிவிடலாம். அதே சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இரண்டு பார்கள் தவறுதலாகக் கூடிவிட்டன என்று 1810இல் பீத்தோவன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அந்தத் திருத்தம் தகட்டை எட்டவே இல்லை. 1846இல் மெண்டல்சனின் முயற்சியால் அந்தக் கடிதம் வெளியே வரும்வரை இசைக்குழுக்கள் அந்த இரண்டு பார்களையும் சேர்த்தே வாசித்து வந்தன. பழைய தாளைப் புரட்டும்போது, இசையமைப்பாளர் நினைத்ததற்கும் உலகம் கேட்டதற்கும் நடுவே இருந்த இடைவெளியையே நாம் தொட்டுப் பார்க்கிறோம்.

ஒன்பதாம் சிம்பொனிக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. மைன்ஸ் நகரத்தின் ஷாட் நிறுவனம் 1826 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. மெட்ரோனோம் வேகக் குறிகளைப் பீத்தோவன் அக்டோபரில்தான் அனுப்பினார். ஆகவே முதலில் வந்த பிரதிகளில் அவை இருக்காது. பின்னால் அச்சானவற்றில் இருக்கும். முன்பணம் கட்டியவர்களின் பெயர்ப்பட்டியல் தாளும் சேர்ந்திருந்தால் அந்தப் பிரதிக்கு மதிப்பு இன்னும் அதிகம். மறுகட்டு போட்டவர்கள் இசையில்லாத அந்தத் தாளைத் தேவையில்லை என்று நீக்கிவிடுவது வழக்கம். எனவே முழு ஸ்கோர் எதை வாங்கினாலும் கட்டின் உள்பக்கத்தில் தாள் வெட்டிய தும்பு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.

முதலில் வந்ததா, ஒப்புதலோடு வந்ததா

காலத்தால் முந்தியதே சிறந்தது என்ற எண்ணத்தை இந்தத் துறையில் சீக்கிரம் கைவிட வேண்டியிருக்கும். பீத்தோவனின் ஓபஸ் 31 பியானோ சொனாட்டாக்கள் இதற்கு மிகச் சிறந்த பாடம். 1803இல் ஸூரிக்கின் ஹான்ஸ் கியோர்க் நேகெலி அவற்றை முதலில் வெளியிட்டார். நேகெலி சாதாரண வியாபாரி அல்ல, தானும் இசையமைப்பவர். ஜி மேஜர் சொனாட்டாவின் முதல் பகுதி முடியும் இடம் அவருக்கு அரைகுறையாகப் பட்டிருக்கிறது. சமச்சீர் வரட்டும் என்று நான்கு பார்களைத் தாமே எழுதிச் சேர்த்துவிட்டார். அச்சுப்பிழைகளும் ஏராளம். பீத்தோவனின் கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பான் நகரத்தின் ஸிம்ராக் நிறுவனத்திடம் திருத்திய பதிப்பைப் போடச் செய்தார். அதே ஆண்டு அது வெளிவந்தது. மிகச் சரியான பதிப்பு என்று பிரெஞ்சு மொழியில் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்துக்கொண்டது.

இப்போது எதை வாங்குவது? காலத்தால் முந்தியது நேகெலி. பீத்தோவனின் ஒப்புதல் பெற்றது ஸிம்ராக். என்னைக் கேட்டால், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸிம்ராக்கை வாங்குங்கள். இசையமைப்பாளரின் கை எட்டிய தாளுக்கே முதலிடம் என்பது இந்த நூல் முழுக்க நான் கடைப்பிடிக்கும் கொள்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தால் அதைவிடப் பெரிய செல்வம் இல்லை. ஒரு பதிப்பாளரின் துணிச்சலையும் அதற்கு வந்த பதிலையும் பியானோவில் வாசித்தே கேட்டுவிடலாம்.

எரோய்க்கா சிம்பொனியில் சிக்கல் வேறு விதம். வாத்தியப் பகுதிகள் 1806இல் வியன்னாவில் வந்தன. எல்லா வாத்தியங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிய முழு ஸ்கோர் முதலில் வந்த இடம் லண்டன். 1809இல் சியான்கெட்டினி அண்ட் ஸ்பெராட்டி என்ற நிறுவனம் பீத்தோவனைக் கேட்காமலேயே அதைப் போட்டது. ஜெர்மனியில் ஸிம்ராக்கின் ஸ்கோர் வர 1822 ஆயிற்று. அந்தக் காலத்தில் சிம்பொனியை வாசிப்பதற்காக வாங்கினார்களே தவிர, படிப்பதற்காக வாங்கியவர்கள் குறைவு. அதனால் பகுதிகள் முதலிலும் ஸ்கோர் பல ஆண்டுகள் பிந்தியும் வருவதே வழக்கமாக இருந்தது. "எரோய்க்கா முதல் பதிப்பு" என்று யாராவது சொன்னால், பகுதிகளா ஸ்கோரா, எந்த ஊர் என்ற இரண்டு கேள்விகளை உடனே கேளுங்கள்.

பக்கத்தின் அடியில் உள்ள எண்

இசைப்பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும் நடுவில் ஓர் எண் இருக்கும். அலமாரியில் தகடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கப் பதிப்பகம் இட்ட எண் அது. ஒரு படைப்பின் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே எண். பதிப்பகங்கள் இந்த எண்களை ஏறுவரிசையில் கொடுத்து வந்ததால், ஆண்டு தெரிந்த படைப்புகளின் எண்களை வைத்து மற்றவற்றின் காலத்தைக் கணிக்க முடிகிறது. ஷூபர்ட் ஆய்வாளர் ஓட்டோ எரிக் டாய்ச் 1946இல் இத்தகைய எண் பட்டியல்களைத் தொகுத்து வெளியிட்டார். இன்றும் விற்பனையாளர் மேசைகளில் அது கிடக்கும்.

ஆனால் இந்த எண் தகடு பிறந்த காலத்தைத்தான் சொல்லும். உங்கள் கையில் உள்ள பிரதி எப்போது அச்சானது என்று சொல்லாது. சில நேரம் பதிப்பகம் எண்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, படைப்பைப் பிந்தி வெளியிட்டிருக்கும். ஒரு நிறுவனம் இன்னொன்றின் தகடுகளை விலைக்கு வாங்கிப் பழைய எண்ணோடு அச்சடித்திருக்கும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு தலைப்புப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். துப்பு அங்கேதான் அதிகம்.

முதலில் விலை. லைப்ஸிக் இருக்கும் சாக்சனியில் 1841இல் நோய்குரோஷன் என்ற புது நாணயம் வந்தது. அதற்கு முன் வந்ததாகச் சொல்லப்படும் படைப்பில் விலை நோய்குரோஷனில் இருந்தால் அது பிந்தைய அச்சு. ஜெர்மானியப் பேரரசு 1870களில் மார்க் நாணயத்துக்கு மாறியது. பீத்தோவன் தாளில் மார்க் விலை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வியன்னாத் தாள்களிலும் நாணய முறையைக் குறிக்கும் சுருக்கெழுத்துகள் இப்படியே மாறி வந்தன. 1858இல் புதிய ஆஸ்திரிய நாணயம் வந்ததும் பழைய சுருக்கம் மறைந்தது.

அடுத்தது நிறுவனத்தின் பெயரும் ஊரும். வியன்னாவில் ஷ்டைனர் நிறுவனத்தை 1826இல் டோபியாஸ் ஹாஸ்லிங்கர் எடுத்துக்கொண்டார். பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியை ஷ்டைனர் 1816இல் வெளியிட்டார். அதில் ஹாஸ்லிங்கர் பெயர் மட்டும் பதிப்பாளராக இருந்தால் பத்தாண்டாவது பிந்தியது. பாரிஸில் மோரிஸ் ஷ்லேசிங்கரின் கடை 1846இல் பிராந்துஸ் கைக்கு மாறியது. ஸிம்ராக் 1870 வாக்கில் பானிலிருந்து பெர்லினுக்குப் போனார். இத்தகைய மாற்றங்களை ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். ஏல அரங்கில் அகராதி புரட்ட நேரம் இருக்காது.

சில தலைப்புப் பக்கங்களில் அந்த இசையமைப்பாளரின் மற்றப் படைப்புகளும் பட்டியலாக இருக்கும். ஒரே தலைப்புத் தகட்டைப் பல படைப்புகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் சிக்கனம் அது. அந்தப் பட்டியலில் பத்து ஆண்டு கழித்து எழுதிய படைப்பின் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது.

கடைசியாக, முன்பு சொன்ன விரல் சோதனை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பதிப்பகங்கள் தகட்டிலிருந்து நேரே அச்சடிப்பதை விட்டுவிட்டன. தகட்டின் பதிவைக் கல்லுக்கு மாற்றி, லித்தோ முறையில் வேகமாக அச்சடித்தன. எண் அதுவே, சுரங்களின் வடிவம் அதுவே. ஆனால் தாளில் தகட்டுத் தடம் இருக்காது. மை பள்ளத்திலிருந்து எழும்பி நிற்காமல் தட்டையாகக் கிடக்கும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஓர் எச்சரிக்கை: தடம் இல்லை என்பதாலேயே எதையும் தள்ளிவிடாதீர்கள். ஏழாம் சிம்பொனியின் முதல் ஸ்கோரே கல்லச்சில்தான் வந்தது. ஓஃபன்பாக்கின் யோஹான் அன்டன் ஆந்த்ரே 1800 வாக்கிலேயே, கல்லச்சைக் கண்டுபிடித்த செனஃபெல்டரிடமிருந்து அதன் உரிமையை வாங்கியவர். அவர் வெளியிட்ட மொட்சார்ட் படைப்புகள் சில கல்லச்சில்தான் வந்தன. மொட்சார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளை அவருடைய மனைவியிடமிருந்து வாங்கியவரும் அவரே.

ஷோப்பான்: ஒரே படைப்பு, மூன்று ஊர்

ஷோப்பானைத் தேடுபவர் மூன்று ஊர்களையும் சேர்த்தே தேட வேண்டும். ஒரு நாட்டின் பதிப்புரிமை இன்னொரு நாட்டில் செல்லாத காலம் அது. திருட்டுப் பதிப்பைத் தடுக்க ஒரே வழி, பாரிஸ், லைப்ஸிக், லண்டன் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியிடுவது. பெரும்பாலும் பாரிஸில் ஷ்லேசிங்கர், லைப்ஸிக்கில் முதலில் கிஸ்ட்னர், பிறகு பிரைட்கோப்ஃப், லண்டனில் வெஸெல். மூன்றுமே முதல் பதிப்புகள். ஆனால் மூன்றிலும் சுரங்கள் ஒன்றாக இருக்காது. பாரிஸில் குடியிருந்த ஷோப்பான் அங்கே அச்சுப்படிகளைத் தாமே திருத்தினார். மற்ற ஊர்களுக்குப் போன பிரதிகளில் அந்தக் கடைசி நேர மாற்றங்கள் எப்போதும் இருக்கவில்லை. இந்த வேறுபாடுகளையெல்லாம் கிறிஸ்தோஃப் கிராபோவ்ஸ்கியும் ஜான் ரிங்கும் தொகுத்த விளக்க அட்டவணை 2010இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. அதைத் திறக்காமல் ஷோப்பானுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பாரிஸ் பிரதிகளுக்கு இன்னொரு சிறப்பு. ஷோப்பான் பாடம் நடத்தும்போது மாணவிகளின் பிரதிகளில் பென்சிலால் விரல் எண்களும் திருத்தங்களும் எழுதினார். ஜேன் ஸ்டர்லிங் என்ற மாணவியின் தொகுதிகள் இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஆகவே பழைய பாரிஸ் பிரதியில் பென்சில் கோடுகளைக் கண்டால் ரப்பரைத் தேடாதீர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது, ஏதோ ஒரு வீட்டுப் பெண் பயிற்சி செய்த தடமாகவே இருக்கும். அதுவும் அந்தத் தாளின் வரலாறுதான். மீதி ஒன்றைத் தீர்மானிக்கக் கையெழுத்து அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும். அத்தகைய அதிசயமும் நடந்ததுண்டு: 1974இல் ஸ்ட்ராஸ்பூர்கில் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் அச்சுப் பிரதி ஒன்று வெளிப்பட்டது. அதன் கடைசியில் கையால் எழுதிய பதினான்கு கேனன்கள் இருந்தன. அது பாக்கின் சொந்தப் பிரதி!

வெஸெலின் லண்டன் பிரதிகளைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். நாக்டர்ன்களுக்கு அவர் "சென் நதியின் முணுமுணுப்பு" என்ற பொருளில் பெயர் வைத்தார். ஒரு ஷெர்ட்ஸோவை நரக விருந்தாக்கினார். ஷோப்பானுக்கு இவை எரிச்சல் ஊட்டின. ஆனால் அன்றைய லண்டன் வரவேற்பறை ஷோப்பானை எப்படிக் கேட்டது என்று இதைவிடத் தெளிவாக எந்த விமர்சனமும் சொல்லாது. சேகரிப்பில் ஒன்றாவது இருக்கட்டும்.

ஷோப்பான் 1849இல் இறந்த பிறகு, நண்பர் யூலியன் ஃபொன்டானா 1855இல் எஞ்சிய படைப்புகளை வெளியிட்டார். எல்லாரும் அறிந்த ஃபன்டாஸி இம்ப்ராம்ப்டு அப்போதுதான் முதன்முதலில் அச்சேறியது. ஜெர்மன் பதிப்பைப் போட்டவர் பெர்லினின் ஏ. எம். ஷ்லேசிங்கர். பாரிஸின் மோரிஸ் இந்தக் குடும்பத்து மகன். இரண்டு கடைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது

மொட்சார்ட்டின் கையெழுத்துப் பிரதியிலிருந்து தொடங்க நினைப்பவருக்குப் பணமும் ஏமாற்றமும் சேர்ந்தே செலவாகும். மாஹ்லரின் இரண்டாம் சிம்பொனிக் கையெழுத்துப் பிரதி 2016இல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்குப் போனது; அந்த உலகம் வேறு. அச்சான முதல் பதிப்புகளில், அதிலும் 1850க்குப் பிந்தியவற்றில், நடுத்தர வருமானம் உள்ளவருக்கும் இடம் இருக்கிறது. பிராம்ஸின் பாடல்களும் பியானோத் துண்டுகளும் ஸிம்ராக் வெளியீடாக நிறையவே அச்சாயின. பாரிஸின் துயுரான் வெளியிட்ட டெபுஸ்ஸி தாள்கள் பார்க்கவும் அழகானவை. 1905இல் வந்த "லா மேர்" ஸ்கோரின் அட்டையில் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலையைத் தழுவிய படம் இருக்கிறது.

மற்றவர்கள் பார்க்காத இடத்தில் பார்ப்பதும் நல்ல வழி. உலகிலேயே அதிகமாக வாசிக்கப்படும் பியானோத் துண்டுகளில் ஒன்றான "ஃப்யூர் எலீஸ" பீத்தோவன் காலத்தில் அச்சாகவே இல்லை. 1867இல் லுட்விக் நோல் தொகுத்த பீத்தோவனின் புதிய கடிதங்கள் என்ற நூலுக்குள் அது முதன்முதலில் வந்தது. இசைத்தாள் அடுக்கில் தேடினால் கிடைக்காது. வாழ்க்கை வரலாற்று அலமாரியில் தேட வேண்டும். ஸ்டிராவின்ஸ்கியின் "ரைட் ஆஃப் ஸ்பிரிங்" 1913இல் முதலில் வந்தது நான்கு கைப் பியானோ வடிவத்தில். முழு ஸ்கோர் வர 1921 ஆயிற்று. ஷூபர்ட்டின் ஓபஸ் 1, "எர்ல்கோனிக்", 1821இல் நண்பர்கள் பணம் போட்டு வெளியிட்டது. விற்ற எண்ணிக்கையைச் சரிபார்க்க அந்த ஆரம்ப வெளியீடுகளின் பின்பக்கத்தில் ஷூபர்ட் கையால் சுருக்கொப்பம் இட்டார். அவற்றை விற்ற கப்பி உண்ட் டியாபெல்லி என்ற பெயரோடு ஒரு தாள் கிடைத்தால் முதல் வேலையாகத் திருப்பிப் பாருங்கள்.

நாற்குழு இசை வாங்கும்போது நான்கு பகுதிகளும் இருக்கின்றனவா, நான்கிலும் தகட்டு எண் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பகுதி தொலைந்த தொகுதியில் இன்னொரு அச்சிலிருந்து எடுத்துச் செருகியிருப்பார்கள். பல படைப்புகளைச் சேர்த்துக் கட்டிய பழைய கட்டுத் தொகுதிகள் கிடைத்தால் பிரிக்காதீர்கள். அந்த வரிசையை அமைத்தவர் ஒரு ரசிகர். அவர் ரசனையின் ஆவணம் அது. கட்டும்போது ஓரம் அதிகம் வெட்டுப்பட்டு அடியிலுள்ள எண் போயிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அன்றைய கந்தல் காகிதம் உறுதியானது. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதமும் அந்துப்பூச்சியும்தான் அதன் எதிரிகள். சுருட்டாமல் தட்டையாக, அமிலமற்ற உறையில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடவே கூடாது. 1870களுக்குப் பிந்திய மரக்கூழ்த் தாள் மடித்தால் ஒடியும். அதற்குத்தான் அதிகக் கவனம் தேவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் ஏராளமான முதல் பதிப்புகளின் படங்கள் இலவசமாக இருக்கின்றன. 1800க்கு முந்திய அச்சுகள் எந்த நூலகத்தில் உள்ளன என்பதை ஆர்.ஐ.எஸ்.எம். அட்டவணை சொல்லும். பீத்தோவனுக்குக் கின்ஸ்கியும் ஹால்மும் 1955இல் தொகுத்த அட்டவணையும் அதன் 2014 புதுப்பதிப்பும் இருக்கின்றன. ஹைடனுக்கு அந்தனி வான் ஹோபோக்கனின் அட்டவணை. ஹோபோக்கன் தாமே பெரிய சேகரிப்பாளர். ஆயிரக்கணக்கான முதல் பதிப்புகளைத் திரட்டினார். அந்தச் சேகரம் 1974இல் ஆஸ்திரிய தேசிய நூலகத்துக்குப் போனது. வியன்னா செல்பவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, தாங்கள் வாங்க நினைக்கும் படைப்பின் பிரதியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விற்பனையாளருக்கு எழுதும்போது தலைப்புப் பக்கம், முதல் இசைப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றின் படங்களையும் கேளுங்கள். தகட்டு எண், அச்சிட்ட விலை, தகட்டுத் தடம் தெரிகிறதா, தாளில் நீர்க்குறி உண்டா, எந்த அட்டவணையை வைத்து முதல் பதிப்பு என்கிறார் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்விகளை விரும்பி வரவேற்பார். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.